ரெண்டரைக் கிலோ எள்ளு, ஒரு லிட்டர் எண்ணெய்

கோயம்புத்தூரில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து அரிசி, எண்ணெய், வெல்லம், பால் எல்லாமே ஆர்கானிக் கடையில்தான் வாங்குகிறாராம். மளிகைச் செலவு இரண்டு பங்காகிவிட்டது. "பாக்கெட்டில் எழுதியிருப்பது நிஜம்தானா? எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை?" என்று கேட்கிறார்.

நான் காங்கேயம் பக்கம் செக்கு ஓட்டுகிறேன். பதினோரு வருஷமாகக் கோவை, திருப்பூர், ஈரோட்டில் இருக்கிற இயற்கை அங்காடிகளுக்கு எண்ணெய் கொடுத்து வருகிறேன். ஆக, நானும் இந்தச் சந்தையில் பிழைக்கிறவன்தான். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எனக்குத் தெரிந்த எண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளு வேண்டும். எள்ளு நல்ல முற்றலாக இருந்தால் நூறு கிராம் குறையும், பொக்காக இருந்தால் கூடும். எள்ளு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எள்ளுக்கே 400 ரூபாய். ஆட்டும்போது போடுகிற கருப்பட்டி, கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 50. புண்ணாக்கை மாட்டுக்காரர்கள் வாங்கிப்போவதில் அந்த 50 திரும்பி வந்துவிடும். பாட்டில், லேபிள், வண்டி வாடகைக்கு 20. எனக்கு 30 ரூபாயாவது நிற்க வேண்டும். கடைக்காரர் ஆர்.எஸ்.புரத்திலோ சாய்பாபா காலனியிலோ வாடகை கட்டுகிறவர், அவர் நூறு வைப்பார். கூட்டினால் 550 ரூபாய்.

இதே கணக்கில் அதே வாரம் பக்கத்துத் தட்டில் 290 ரூபாய்க்கு 'மரச்செக்கு நல்லெண்ணெய்' இருந்தால் என்ன அர்த்தம்? எள்ளு விலையே அதில் அடங்கவில்லை. ஏதோ ஒரு மலிவான எண்ணெய் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். எள்ளு விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். மளிகைக் கடையில் எள்ளு விலையைக் கேட்டு, இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். தேங்காயெண்ணெய்க்கு ஒரு லிட்டருக்குக் கொப்பரைப் பருப்பு ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். கடலையெண்ணெய்க்கு எள்ளு மாதிரியே இரண்டேகாலிலிருந்து இரண்டரை. இந்த மூன்று எண்ணும் மனசில் இருந்தால் எண்ணெய் விஷயத்தில் உங்களை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நான் போட்ட 550 ரூபாய்க் கணக்கில் ஆர்கானிக் என்பதே வரவில்லை. அது கலப்படமில்லாத எண்ணெய்க்கான விலை மட்டும். எள்ளுச் செடிக்கு ரசாயன உரம் போட்டார்களா, பூச்சிமருந்து அடித்தார்களா என்பது செக்குக்குத் தெரியாது. மரச்செக்கு, நாட்டு, பாரம்பரியம், இயற்கை, ஆர்கானிக் என்று கடைப் பலகையில் ஒரே வரிசையில் எழுதியிருக்கும் ஐந்தும் ஐந்து வேறு விஷயம். நாட்டுத் தக்காளிக்கும் மருந்து அடிக்கலாம். கருப்புக்கவுனி நெல்லை யூரியா போட்டும் விளைவிக்கலாம். 'இயற்கை' என்ற சொல்லைச் சான்று எதுவும் இல்லாமலே அச்சடித்துக்கொள்கிறார்கள். இந்த ஐந்தில் சான்று காட்டி நிரூபிக்க வேண்டிய சொல் ஆர்கானிக்தான்.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. தொழில் தொடங்கிய மூன்றாம் வருஷம், கோவையில் ஒரு கடைக்காரர் மாதம் 200 லிட்டர் எடுப்பதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, லேபிளில் ஆர்கானிக் என்று போட வேண்டும். "எள்ளு நாலு ஊர்ச் சந்தையிலிருந்து வருதுங்க, நான் எப்படிப் போடறது?" என்றேன். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், லேபிளை நானே அடிச்சுக்கறேன்" என்றார். அந்த ஆர்டரை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் நாலு மாதம் கொடுத்தேன். கையில் அப்போது பணம் இல்லை. அப்புறம்தான் விட்டேன். அந்த நாலு மாதமும் யாரோ ஒரு சகோதரி கூடுதலாகக் காசு கொடுத்திருப்பார்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், கேட்கிற வாய் பெருகிய வேகத்துக்கு நிலம் மாறவில்லை. கரூர் கடவூரில் வானகம் என்ற இயற்கை விவசாயப் பண்ணையை உருவாக்கிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் இறந்துபோனபோது, அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டத்தை மாற்றியவர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டிக்கு நூறு வயசுக்கு மேல், 2021-ல், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் பாட்டி செய்த விவசாயத்தை ஊரே திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அதற்குள் கொரோனா வந்து, எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி மேல் பயம் வந்துவிட்டது. அதற்கு மேல் சர்க்கரை. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்து கோடிக்கு மேல், அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு வெளியானது. கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்களுக்காக அருகம்புல் சாறும் கொள்ளு சூப்பும் விற்கிற வண்டிகளைப் பாருங்கள், சந்தை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

நிலம் அப்படி மாறாது. உரத்தையும் மருந்தையும் நிறுத்திய நாளிலிருந்து, ஒருபோகப் பயிருக்கு இரண்டு வருஷமும் தென்னை, மா மாதிரியான மரப்பயிருக்கு மூன்று வருஷமும் கழிந்தால்தான் ஆர்கானிக் சான்று கிடைக்கும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ சாதா விலைதான். பொள்ளாச்சியில் பத்து ஏக்கர் தென்னை வைத்திருக்கிறவர் மூன்று வருஷம் அந்த நட்டத்தைத் தாங்குவார். அரை ஏக்கரில் கத்திரி போட்டு வாரா வாரம் உழவர் சந்தைக்குப் போகிறவர் எதைக்கொண்டு தாங்குவார்? அதனால்தான் கடைகள் தெருவுக்குத் தெரு திறந்த பிறகும் சரக்கு ஊருக்கு ஊர் திறக்கவில்லை. இடைவெளியை லேபிள் நிரப்புகிறது.

சரி, லேபிளை எப்படிப் படிப்பது? முதலில் ஒரு பொதுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமம். பேக்கரிக்கும் உண்டு, பரோட்டாக் கடைக்கும் உண்டு. "கவர்மெண்ட் நம்பர் போட்டிருக்கே" என்று அதைக் காட்டி ஆர்கானிக் என்று நம்ப வைக்கிறார்கள். ஆர்கானிக் சான்று வேறு. அது இரண்டு வகை. ஒன்று என்.பி.ஓ.பி. என்கிற தேசியத் திட்டத்தின் சான்று, வெளியாள் வந்து சோதித்துத் தருவது. மாநில அரசின் சார்பில் இதைச் செய்கிற அங்கக (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறைக்குத் தலைமையிடமே கோயம்புத்தூர்தான், 2007-லிருந்து இயங்குகிறது. இன்னொன்று பி.ஜி.எஸ்., பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. 2017-ல் வந்த விதிப்படி, ஆர்கானிக் என்று பாக்கெட் போட்டுக் கடையில் விற்கிறவர் இந்த இரண்டில் ஒன்றை வைத்திருக்க வேண்டும், 'ஜைவிக் பாரத்' முத்திரையும் இருக்க வேண்டும். சின்ன விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரில் உங்களுக்கு விற்றால் இந்தக் காகிதம் தேவையில்லை என்று விலக்கு உண்டு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார். ஐரோப்பாவுக்கு ஆர்கானிக் பருத்தி டீ-ஷர்ட் அனுப்பும்போது, ஸ்பின்னிங் மில்லிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கை மாறும்போதும் டி.சி. என்று ஒரு காகிதம் கூடவே போகும். இத்தனை கிலோ நூல் வாங்கினாய், இத்தனை கிலோ துணி விற்றாய் என்று அளவு ஒத்துப்போக வேண்டும். டி.சி. இல்லையென்றால் சரக்கு ஆர்கானிக் என்று கப்பல் ஏறாது. ஜெர்மனிக்காரன் போடுகிற பனியனுக்கு இவ்வளவு கறாராக இருக்கிற நம் ஊரில், நாம் தின்கிற அரிசிக்கு "அண்ணா, இது ஆர்கானிக்தானுங்களே?" என்று கேட்டு, "ஆமாங்க" என்றால் திருப்தியாகிவிடுகிறோம். கடைக்காரரிடம் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் பயிர்களின் பெயர் இருக்கும். மஞ்சளுக்கு வாங்கிய சான்றைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே மைசூர்ப்பாகு வரை விற்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாலுக்கும் அளவுக் கணக்குதான். காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். கறவைக்காக வளர்ந்த இனம் கிடையாது. கன்று குடித்தது போக நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் நல்ல மாடு என்போம். அப்படியென்றால் தினமும் ஆயிரம் லிட்டர் 'காங்கேயம் ஏ2 பால்' (ஏ2 என்பது நாட்டு மாட்டுப் பாலுக்குச் சொல்கிற ஒரு புரத வகையின் பெயர்) ஊற்றுகிற ஒரு வியாபாரியிடம் கறவையில் மட்டும் நானூறு ஐந்நூறு மாடு இருக்க வேண்டும். சினை மாடு, வறண்ட மாடு, கன்றுகள் எல்லாம் தனி. அவ்வளவு பெரிய பட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அந்த இனம் பிழைக்கும். ஆனால் ஏ2 என்பதற்காக மட்டும் இரண்டு பங்கு கொடுக்க வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். 2024 ஆகஸ்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த ஏ1, ஏ2 விளம்பரங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டு, ஒரே வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்கே தீர்மானமாகாத விஷயத்துக்கு நீங்கள் ஏன் முந்திக்கொண்டு பணம் கட்ட வேண்டும்?

வெல்லம், நாட்டுச்சர்க்கரை விஷயம் கொஞ்சம் கசப்பானது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச்சர்க்கரை போகிற கவுந்தப்பாடி நம் பக்கத்தில் இருக்கிறது, நல்ல சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். கரும்புப்பால் காய்ச்சினால் இயல்பாக வருகிற நிறம் பழுப்பு. அதை வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைப் போடுகிறார்கள். கரும்பு விலை கூடினால் அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டுகிறார்கள். அதிகாரிகள் அவ்வப்போது ஆலைகளில் புகுந்து மூட்டைகளைப் பிடிப்பதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கறுத்துப் பிசுபிசுவென்று, மழைக்காலத்தில் கசிகிற வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். இது பொதுவாகச் சொல்வது. உங்கள் வீட்டுக்கு வேறு பதில்: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கும்போது நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தென்னஞ்சர்க்கரையும் சர்க்கரைதான். ஆர்கானிக் சான்றோடு வந்தாலும் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இந்த வரியை உங்கள் மளிகைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், மாதம் சில நூறு மிச்சம்.

சிறுதானியத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தினை லட்டு, வரகு நூடுல்ஸ், ராகி குக்கீஸ் என்று கடை நிரம்பிவிட்டது. நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலதில் முதல் பெயராக கோதுமை மாவோ மைதாவோதான் நிற்கும். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. வரகு எட்டோ பத்தோ சதவீதம் இருந்தால் பெரிய எழுத்தில் முன்பக்கம் வந்துவிடும். சாமை, தினை வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதை விட்டுவிடுங்கள். தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்ட பிறகு அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவிடு இருப்பது சீக்கிரம் பூச்சி பிடிக்கும், வாடை வரும், கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசக்கும். கடைக்காரருக்கு அது தலைவலி, அதனால்தான் தீட்டுகிறார்கள். ஆறு மாதம் கெடாத கம்பு மாவு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ராகி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று நம்பி மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிறவர்களைத் தெரியும். ராகியில் நார்ச்சத்து அரிசியைப்போல் நாலு பங்கு உண்டு, சுண்ணாம்புச்சத்து ஏராளம், எல்லாம் சரி. ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நைசாக அரைத்துத் தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் தங்காமல் சர்க்கரையை ஏற்றிவிடும். கெட்டியாகக் களி கிண்டி, கீரைக் கடைசலோடு அளவாகச் சாப்பிடுவது வேறு. எதுவானாலும் மருந்தை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்தில் இறங்காதீர்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இதெல்லாம் கேட்டால் என் அம்மா சிரிக்கும். அவள் சின்ன வயசில் கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான் தினப்படி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் சீருக்கும். சோளச்சோறு தின்கிற வீடு என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். போர் போட்டுத் தண்ணீர் வந்தது, ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-ல் இலவசமே ஆனது. சோளம் மாட்டுத்தட்டுக்கு மட்டும் மிஞ்சியது. போன வருஷம் கோவையில் தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது, அரைக்கிலோ சோளம் அட்டைப்பெட்டிக்குள் அலங்காரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதென்னடா, இதுக்குப் பொட்டியா?" என்றாள். விலையை நான் சொல்லவில்லை.

ஆனால் அம்மாவின் சிரிப்பில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. பல்லடம், தாராபுரம், காங்கேயம் மானாவாரிக் காடுகளில் சோளமும் கொள்ளும் இன்றைக்கும் விதைக்கிறார்கள். மழையை நம்பி விதைத்துவிட்டு வருகிற பயிருக்குப் பெரும்பாலும் யாரும் மருந்துக்குச் செலவு செய்வதில்லை. சான்று வாங்கவும் யாருக்கும் தோன்றவில்லை, லேபிளும் இல்லை. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிற கொள்ளை, சாதா மளிகைக் கடையில் சாதா விலைக்கே வாங்கலாம். அதற்குப்போய் 'ஆர்கானிக் கொள்ளு' என்று இரண்டு பங்கு கொடுக்காதீர்கள். சாமை வேண்டுமென்றால் கொல்லிமலைக்காரர்களிடமிருந்தும், ராகி வேண்டுமென்றால் தாளவாடி, பர்கூர் மலைப்பக்கத்திலிருந்தும் வாங்குகிற கடையாகப் பாருங்கள்.

அப்போது எதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்கலாம்? அதிகம் மருந்து அடிக்கப்படுகிறவற்றுக்கு. கீரை, காலிஃபிளவர், கத்திரி, தக்காளி, பச்சைமிளகாய், திராட்சை. கறிவேப்பிலையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை உண்டு, அதற்கு அடிக்கிற மருந்து கொஞ்சநஞ்சமில்லை. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் இருக்கிறதென்று கேரளாக்காரர்கள் பிரச்சினை கிளப்பியபோது கறிவேப்பிலை பெயரும் அடிபட்டது. இதற்கு ஆர்கானிக் கடையே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு தொட்டி போதும். மஞ்சள்தூளுக்குப் பதில் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் பக்கத்திலேயே இருக்கும்போது தூளில் எதைக் கலந்திருப்பார்களோ என்ற பயம் எதற்கு?

காய்கறியைப் பொறுத்தவரை, கடையைவிட ஆள் முக்கியம். உழவர் சந்தைக்கு ஆறு மாதம் தொடர்ந்து போனால், தன் தோட்டத்துக் காயைக் கொண்டுவருகிறவர் யார், மண்டியில் எடுத்து வந்து விற்கிறவர் யார் என்று தெரிந்துவிடும். தோட்டக்காரரிடம் எல்லாக் காயும் எல்லா மாதமும் இருக்காது. புழு வைத்த கத்திரி நாலு கலந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை "தோட்டத்தைப் பார்க்க வரலாமுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வாங்க என்று வழி சொல்கிறவரிடம் வாங்கலாம். தண்ணீர் எங்கிருந்து பாய்கிறது என்றும் கேளுங்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் பாழாக்கிய நொய்யல் கரையில், உரம் போடாமல் விளைத்துவிட்டேன் என்று சொன்னால் அது மட்டும் போதாது. அந்த மண்ணையும் கிணற்றையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். 2012 வரை பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழி என்று ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கொழுப்பில்லாத கறி, எண்ணெய் மூட்டுவலிக்கு மருந்து, வெளிநாட்டில் கிராக்கி என்றார்கள். விவசாயிகளும் வாத்தியார்களும் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடைசியில் தீனி போட ஆளில்லாமல் ஈமுக்கள் நின்றன. அந்தக் கறியை ஈரோட்டில் எந்த வீட்டில் வாராவாரம் தின்றார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. புதிதாக ஒரு ஆரோக்கிய உணவு கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீளக் கழுத்துதான் ஞாபகம் வரும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் எண்ணெய்க்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பேன். கீரைக்கும் காய்க்கும் ஆளைப் பார்த்துக் கொடுப்பேன். ஏ2 பாலையும் நாட்டுச்சர்க்கரையையும் பெட்டியில் வரும் சிறுதானியப் பலகாரங்களையும் விட்டுவிடுவேன். அரிசியில் கைக்குத்தலோ பாரம்பரியமோ எதுவானாலும் அளவைக் குறைப்பேன். சோளமும் கொள்ளும் காட்டுக்காரர்களிடம் நேராக வாங்குவேன். தை மாதம் சோள அறுப்பு முடிந்த கையோடு வந்தால் புதுச் சரக்கு கிடைக்கும், நல்ல வெயிலில் ரெண்டு நாள் காயவைத்தால் வருஷத்துக்கும் வரும்.

சோளச்சோறு ஆக்கிப் பழக்கமில்லை என்றால் ஒன்று: முழுச் சோளத்தை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துவிடுங்கள். அவசரத்துக்கு அப்படியே குக்கரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் வேகாது. மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்து வைத்துக்கொண்டால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அரைமணி நேரத்தில் சோறு. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்புக் கடைந்து வையுங்கள்.